சோலாரிஸ் செத்துவிட்டதா? சன்ஓஎஸ் முதல் இல்லுமோஸ் வரை

கேள்வி இதுதான்: அலுவலகத்தில் ஓரமாக ஓடிக்கொண்டிருக்கும் ஒரு ஸ்பார்க் (சன் நிறுவனத்தின் சொந்த சிபியூ வகை) சர்வரில், இயங்குதளத்தின் பெயரைச் சொல்லும் யூநேம் கட்டளை கொடுத்தால் சன்ஓஎஸ் 5.10 என்று வருகிறது, ஆவணங்களில் சோலாரிஸ் 10 என்று எழுதியிருக்கிறது. தேடிப் பார்த்தால் ஓப்பன்சோலாரிஸ், இல்லுமோஸ், ஓப்பன்இண்டியானா, ஸ்மார்ட்ஓஎஸ், ஓம்னிஓஎஸ் என்று ஒரு கூட்டமே வருகிறது. இவற்றுக்குள் என்ன உறவு, சோலாரிஸ் செத்துவிட்டதா, இன்றைக்குப் பழக வேண்டுமென்றால் எதைப் போடுவது?

முதலில் நேரடிப் பதில். சோலாரிஸ் என்பது சன் மைக்ரோசிஸ்டம்ஸ் உருவாக்கிய யூனிக்ஸ் வகை இயங்குதளம். அந்தப் பெயரும் பொருளும் இன்று, சன்னை வாங்கிய ஆரக்கிளிடம் இருக்கின்றன. பேட்ச் வருகிறது, பெரிய வளர்ச்சி இல்லை. ஆனால் அதன் சோர்ஸ் கோடு 2005-ல் திறக்கப்பட்டதால், ஆரக்கிளின் தயவு இல்லாமல் இன்னொரு இடத்தில் தனியாக வளர்ந்துகொண்டிருக்கிறது. அந்த இடத்தின் பெயர் இல்லுமோஸ். நீங்கள் பார்த்த மற்ற பெயர்களில் பெரும்பாலானவை இல்லுமோஸ் மீது கட்டப்பட்ட டிஸ்ட்ரிப்யூஷன்கள், அதாவது நிறுவத் தயாரான தொகுப்புகள். எந்த லைசன்ஸ் இதைக் காப்பாற்றியதோ, அதே லைசன்ஸ்தான் லினக்ஸ் கர்னலுக்குள் (இயங்குதளத்தின் மையப் பகுதி) இது நுழையாமலும் தடுத்தது. இந்தக் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது அதுதான். அங்கே வந்து சேர்வதற்கு முன் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் 1982-ல் கலிபோர்னியாவில் தொடங்கியது. ஸ்டான்ஃபோர்டில் ஆன்டி பெக்டோல்ஷைம் வடிவமைத்த வொர்க்ஸ்டேஷன், அதை விற்க வினோத் கோஸ்லா, ஸ்காட் மெக்நீலி, அப்புறம் பெர்க்லியிலிருந்து பில் ஜாய். இதில் பில் ஜாய் வந்ததுதான் இயங்குதளத்தைத் தீர்மானித்தது. பெர்க்லி யூனிக்ஸ், அதாவது பிஎஸ்டி, பெரும்பாலும் அவர் கைவண்ணம். ஆகவே சன்ஓஎஸ் பிறப்பால் ஒரு பிஎஸ்டி. 1980-களின் நடுவில் அதில்தான் என்எஃப்எஸ் வந்தது. வேறொரு கணினியின் டிஸ்க்கை நம் டிஸ்க் போலவே பார்க்கலாம் என்பது அன்றைக்குப் பெரிய விஷயம். சன்ஓஎஸ் 4-ல் வந்த மெம்மரி மேப்பிங்கும் ஷேர்டு லைப்ரரிகளும் இன்று எல்லா யூனிக்ஸ் வகைகளிலும் சாதாரணம்.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு மதமாற்றம் மாதிரி. 1987-ல் சன்னும் ஏடி அண்டு டியும் கைகோத்து, சிஸ்டம் வி (ஏடி அண்டு டியின் யூனிக்ஸ்), பிஎஸ்டி, ஸெனிக்ஸ் (மைக்ரோசாஃப்டின் யூனிக்ஸ்) எல்லாவற்றையும் ஒன்றாக்கி ஒரே யூனிக்ஸ் தருகிறோம் என்றார்கள். அதுதான் சிஸ்டம் வி ரிலீஸ் 4. "ஒன்றாக்குகிறோம்" என்ற அறிவிப்பைக் கேட்டு மற்றவர்கள் மகிழவில்லை, பயந்தார்கள். ஐபிஎம், ஹெச்பி, டெக் முதலானவை 1988-ல் ஓஎஸ்எஃப் என்று போட்டி அணி அமைத்தன. யூனிக்ஸ் போர்கள் என்று பெரியவர்கள் சொல்வது இதைத்தான். ஒற்றுமைக்காக எடுத்த முயற்சியில் ஊர் இரண்டுபட்டது. லாபம் யாருக்கு என்றால், பிற்காலத்தில் விண்டோஸ் என்டிக்கும் லினக்ஸுக்கும்.

சன் தன் வாக்குப்படி பிஎஸ்டியை விட்டு சிஸ்டம் விக்கு மாறியது. 1992-ல் வந்த சோலாரிஸ் 2 அதன் விளைவு. உங்கள் பெயர்க் குழப்பமும் இங்கேதான் ஆரம்பம். கர்னலும் அடிப்படைக் கட்டளைகளும் சேர்ந்தது சன்ஓஎஸ் 5. அதோடு ஜன்னல் சூழல், நெட்வொர்க் வசதிகள் எல்லாம் சேர்ந்த முழுப் பொட்டலம் சோலாரிஸ் 2. பழைய சன்ஓஎஸ் 4.1-க்கும் பின்தேதியிட்டு சோலாரிஸ் 1 என்று பெயர் வைத்தார்கள். சோலாரிஸ் 2.6 வரை இப்படிப் போய், 1998-ல் மார்க்கெட்டிங் ஆட்கள் முன்னால் இருந்த அந்த '2.'-ஐக் கழற்றிவிட்டு நேராக சோலாரிஸ் 7 என்றார்கள். உள்ளே மட்டும் சன்ஓஎஸ் 5.7. அந்தக் கணக்குப்படி உங்கள் சோலாரிஸ் 10-ன் உள்பெயர் 5.10. வேறு மர்மம் ஒன்றும் இல்லை.

சோலாரிஸ் 2-ஐ ஆரம்பத்தில் யாரும் விரும்பவில்லை. பழகிய பிஎஸ்டி கட்டளைகள் ஒரு மூலைக்குத் தள்ளப்பட்டன. இன்றும் சோலாரிஸ் 10-ல் யூசிபி என்ற டைரக்டரியில் பழைய பிஎஸ், டிஎஃப் எல்லாம் இருக்கும், பெர்க்லியின் நினைவாக. சி கம்பைலரைத் தனியாகக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றார்கள். அதுவரை கூடவே வந்துகொண்டிருந்தது. இதனால் நல்லது ஒன்றும் நடந்தது: பல்கலைக்கழகங்கள் கூட்டம் கூட்டமாக ஜிசிசி என்ற இலவச கம்பைலருக்குப் போயின. ஒற்றை சிபியூ கொண்ட பெட்டிகளில் சோலாரிஸ் 2 மெதுவாகவும் ஓடியது. ஆனால் அந்தக் கர்னல் அந்தப் பெட்டிகளுக்காக எழுதப்பட்டதல்ல. பல சிபியூக்கள், ஆயிரக்கணக்கான த்ரெட்கள் (ஒரே நேரத்தில் ஓடும் வேலை இழைகள்), கர்னலே உள்ளுக்குள் த்ரெட்களாக இயங்குவது என்று பத்து வருடம் முன்னால் பார்த்து எழுதியிருந்தார்கள். 64 சிபியூ வரை போகும் இ10000 போன்ற பெரிய சர்வர்கள் வந்தபோது அந்த முதலீட்டுக்குப் பலன் கிடைத்தது. டாட்காம் காலத்தில் வங்கி, தொலைபேசி நிறுவனம், பங்குச் சந்தை என்று எங்கு பார்த்தாலும் சன் பெட்டிதான். அந்தக் காலத்து அட்மின்களுக்கு ஸ்டாப் விசையையும் ஏ விசையையும் சேர்த்து அழுத்தினால் வரும் "ஓகே" ப்ராம்ப்ட் இன்னும் கை நினைவில் இருக்கும். ஓடுகிற சர்வர் அப்படியே நின்றுபோகும். தவறான கீபோர்டில் அழுத்தியவர்களுக்கு நெஞ்சும் கொஞ்ச நேரம் நின்றுபோகும்.

2001-க்குப் பிறகு காற்று மாறியது. மலிவான இன்டெல் பெட்டியில் லினக்ஸ் போட்டால் போதும் என்ற நிலை. சன் அந்த நேரத்தில் செய்த பெரிய முட்டாள்தனம், 2002-ல் சோலாரிஸ் 9-ன் எக்ஸ்86 (இன்டெல் வகை சிபியூ) பதிப்பைத் தள்ளிப்போடுகிறோம் என்று அறிவித்தது. பயனர்கள் கொதித்தெழுந்த பிறகு திரும்பக் கொண்டுவந்தார்கள். ஆனால் "சன்னை நம்பி எக்ஸ்86-ல் இறங்கலாமா" என்ற சந்தேகம் விழுந்துவிட்டது, அது கடைசிவரை போகவில்லை.

வியாபாரம் சரிந்துகொண்டிருந்த இதே வருடங்களில்தான் உள்ளே பொறியாளர்கள் அவர்கள் வாழ்நாளின் சிறந்த வேலையைச் செய்துகொண்டிருந்தார்கள். 2005 தொடக்கத்தில் வந்த சோலாரிஸ் 10 அதன் அறுவடை. டிடிரேஸ், ஸோன்ஸ், எஸ்எம்எஃப் மூன்றும் ஒன்றாக வந்தன. ஸெட்எஃப்எஸ் என்ற ஃபைல் சிஸ்டம் 2006-ல் ஒரு அப்டேட்டில் சேர்ந்துகொண்டது.

இவற்றில் டிடிரேஸைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம், ஏனென்றால் அது பிறந்த காரணம் எந்த அட்மினுக்கும் தெரிந்த வேதனை. 1997-ல் ஒரு இ10000 சர்வரில் பெஞ்ச்மார்க் ஓட்டிக்கொண்டிருந்தார்கள். நன்றாகப் போகும், திடீரென்று சில நிமிடங்கள் படுத்துவிடும், மறுபடி எழுந்துவிடும். பிரையன் கான்ட்ரில் உள்ளிட்ட கர்னல் ஆட்கள் நாள்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டு கடைசியில் கண்டது: அந்தப் பெட்டி தவறுதலாக ரவுட்டராக அமைக்கப்பட்டிருந்தது. நெட்வொர்க்கில் உண்மையான ரவுட்டர் விழும்போதெல்லாம் இந்த விலையுயர்ந்த சர்வர் அதன் வேலையை இழுத்துப் போட்டுச் செய்துகொண்டிருந்தது. கர்னலை எழுதியவர்களே தங்கள் கர்னல் என்ன செய்கிறது என்று ஓடும்போது கேட்க வழியில்லை. கான்ட்ரில், மைக் ஷாபிரோ, ஆடம் லெவென்தால் மூவரும் சேர்ந்து அந்த வழியை உருவாக்கினார்கள். கர்னலிலும் அப்ளிகேஷன்களிலும் பல்லாயிரக்கணக்கான கண்காணிப்புப் புள்ளிகள் உறங்கிக் கிடக்கும். இயக்காதவரை அவற்றால் சுமை ஏதும் இல்லை. "எந்தப் ப்ராசஸ் ஒரு நொடிக்கு எத்தனை தடவை டிஸ்க்கைத் தொடுகிறது" என்று ஒரு வரியில் கேட்டால், நேரடிப் பயன்பாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரிலேயே, அதை நிறுத்தாமல், பதில் வரும். முக்கியமானது கடைசி நிபந்தனை: நீங்கள் எவ்வளவு மோசமாக எழுதினாலும் டிடிரேஸ் ஸ்கிரிப்ட் சர்வரைக் கவிழ்க்கக் கூடாது. அதற்காக அந்த மொழியில் லூப்பே வைக்கவில்லை. ஆப்பிள் 2007-லேயே இதை மேக்கில் எடுத்துக்கொண்டது, ஃப்ரீபிஎஸ்டியும் எடுத்தது.

ஸோன்ஸ் என்பது ஒரே கர்னலில் தனித்தனி வீடுகள். டாக்கர் 2013-ல் வந்து கன்டெய்னர் என்று உலகம் கொண்டாடியதற்கு எட்டு வருடம் முந்தையது. சன் அன்று இதை விளம்பரம் செய்த பெயரும் சோலாரிஸ் கன்டெய்னர்ஸ்தான்! எஸ்எம்எஃப் சர்வீஸ்களைக் கண்காணித்து விழுந்தால் எழுப்பும். லினக்ஸில் சிஸ்டம்டி பின்னால் செய்ததில் பாதி இது. அதன் எக்ஸ்எம்எல் ஃபைல்களை எழுதியவர்கள் இன்றும் அதைப் பாசத்தோடு நினைப்பதில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

ஸெட்எஃப்எஸ் ஜெஃப் பான்விக், மேட் ஆரன்ஸ் இருவரும் 2001-ல் தொடங்கியது. டிஸ்க்கை நம்பாதே என்பது அதன் அடிப்படை. ஒவ்வொரு பிளாக்குக்கும் ஒரு செக்சம் உண்டு, அதை அந்தப் பிளாக்கிலேயே வைக்காமல் அதைச் சுட்டும் மேல் பிளாக்கில் வைப்பார்கள். டிஸ்க் தவறான இடத்திலிருந்து சரியாகப் படித்துக் கொடுத்தாலும் பொய் அம்பலமாகிவிடும். மிரர் (இன்னொரு டிஸ்க்கில் அதே பிரதி) இருந்தால் மறுபிரதியிலிருந்து தானாகச் சரிசெய்துகொள்ளும். பழைய தரவின் மேல் எழுதுவதே இல்லை, புது இடத்தில் எழுதிவிட்டுச் சுட்டியை மாற்றும். அதனால் ஸ்நாப்ஷாட் (அந்த நொடியின் தரவு நிலை) எடுக்க நேரமே ஆகாது.

சரி, லைசன்ஸுக்கு வருவோம். 2005 ஜூனில் சன் ஓப்பன்சோலாரிஸ் என்ற பெயரில் சோர்ஸ் கோடைத் திறந்தது. லினக்ஸ் பயன்படுத்தும் ஜிபிஎல் இல்லை, சிடிடிஎல் என்று சொந்தமாக ஒரு லைசன்ஸ். அது ஃபைல் வாரியாகச் செல்லுபடியாகும்: திறந்த ஃபைலை மாற்றி வெளியிட்டால் அந்த மாற்றத்தைத் திறக்க வேண்டும், பக்கத்தில் நீங்கள் சேர்க்கும் புது ஃபைல் உங்கள் இஷ்டம். மூன்றாமவருக்குச் சொந்தமான சில துண்டுகளைத் திறக்க முடியவில்லை, சி லைப்ரரியின் மொழி ஆதரவுப் பகுதி மாதிரி. அவை சோர்ஸ் இல்லாமல் பைனரியாகவே வந்தன. கூடவே இன்னொரு நிபந்தனை: வெளியாள் யாராவது கோடு கொடுத்தால் அதன் காப்புரிமையில் (காப்பிரைட்) சன்னுக்கும் பங்கு எழுதிக்கொடுக்க வேண்டும். அன்றைக்கு இதைச் சம்பிரதாயக் கையெழுத்து என்றுதான் பலரும் நினைத்தார்கள்.

டெபியன் லினக்ஸைத் தொடங்கிய இயன் மர்டாக்கை 2007-ல் சன் வேலைக்கு எடுத்தது. லினக்ஸ்காரர்களுக்குப் பழகிய மாதிரி பேக்கேஜ் நிர்வாகம், லைவ் சிடி எல்லாம் வைத்து ஓப்பன்சோலாரிஸ் 2008.05 வந்தது, கடைசியாக 2009.06. அதே வருடம் ஏப்ரலில் ஆரக்கிள் சுமார் 740 கோடி டாலருக்கு சன்னை வாங்குவதாக அறிவித்தது. 2010 ஜனவரியில் கைமாறியது.

அடுத்த எட்டு மாதங்கள்தான் விறுவிறுப்பு. 2010-ல் வர வேண்டிய ஓப்பன்சோலாரிஸ் வெளியீடு வரவே இல்லை. ஆரக்கிள் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. சமூகத்தின் நிர்வாகக் குழு, பேச ஒரு ஆளையாவது அனுப்புங்கள், இல்லாவிட்டால் நாங்களே கலைந்துவிடுவோம் என்று கெடு வைத்தது. ஆகஸ்ட் 3 அன்று காரெட் டி'அமோர் இல்லுமோஸை அறிவித்தார். முதல் வேலை, அந்த மூடிய பைனரிகளைத் திறந்த கோடாகத் திரும்ப எழுதுவது. பத்து நாள் கழித்து ஆரக்கிளின் உள் மின்னஞ்சல் ஒன்று வெளியே கசிந்தது: இனி தினசரி சோர்ஸ் வெளியீடு கிடையாது, ஓப்பன்சோலாரிஸ் டிஸ்ட்ரிப்யூஷனும் கிடையாது. ஆகஸ்ட் 23 அன்று நிர்வாகக் குழு சொன்னபடி கலைந்தது. கான்ட்ரில் ஜாயன்ட் நிறுவனத்துக்குப் போனார், லெவென்தாலும் ஆரன்ஸும் டெல்ஃபிக்ஸ் நிறுவனத்துக்குப் போனார்கள். டிடிரேஸையும் ஸெட்எஃப்எஸ்ஸையும் பெற்றவர்கள் வெளியே, அவை பிறந்த நிறுவனம் உள்ளே என்றாகிவிட்டது.

ஆரக்கிளால் எப்படி மூட முடிந்தது? அந்தச் சம்பிரதாயக் கையெழுத்தால்தான். சிடிடிஎல்லின் கீழ் திறந்த கோடின் காப்புரிமை சன்னிடமும் இருந்ததால், அதை வாங்கிய ஆரக்கிள் சிடிடிஎல்லுக்குக் கட்டுப்பட வேண்டியதில்லை. சொந்தக்காரர் தன் வீட்டுக்குத் தானே வாடகை கொடுக்க வேண்டாமே. ஆனால் ஏற்கெனவே வெளியே கொடுத்த பிரதிகளைத் திரும்ப வாங்க முடியாது. இல்லுமோஸ் அதில் வளர்ந்தது, யாரிடமும் காப்புரிமை எழுதி வாங்கவில்லை. ஆகவே இனி அதை யாரும் மூடவும் முடியாது, லைசன்ஸை மாற்றவும் முடியாது. ஆரக்கிளுக்கும் ஒரு சிக்கல்: இல்லுமோஸில் யாரோ திருத்திய ஒரு ஃபைலை எடுத்துத் தன் சோலாரிஸில் போட்டால் அதைத் திறந்தாக வேண்டும். அதனால் எடுப்பதில்லை. இரண்டு கிளைகளும் அன்று பிரிந்தவைதான்.

இது கையில் தட்டுப்படும் இடம் ஸெட்எஃப்எஸ் பூலின் (டிஸ்க்குகளைச் சேர்த்த தொகுப்பு) பதிப்பு எண். எண் 28 வரை எல்லோருக்கும் பொது. 29-லிருந்து ஆரக்கிள் தனியாகப் போனது. வெளியில் இருந்தவர்கள் மோதலைத் தவிர்க்க எண்ணை ஒரேயடியாக 5000-க்குத் தள்ளிவிட்டு, இனி எண்ணே வேண்டாம், ஒவ்வொரு வசதிக்கும் ஒரு கொடி என்று மாற்றினார்கள். சோலாரிஸ் 11-ல் பூலைப் புதுப்பித்துவிட்டால் அந்த டிஸ்க்கை லினக்ஸோ ஃப்ரீபிஎஸ்டியோ இல்லுமோஸோ படிக்காது. திரும்பும் வழியும் கிடையாது, புதுப் பூல் கட்டித் தரவை நகலெடுக்க வேண்டியதுதான்.

லினக்ஸ் பக்கமும் இந்த லைசன்ஸ் விடவில்லை. சிடிடிஎல்லும் ஜிபிஎல்லும் சேராது என்பது பெரும்பான்மைக் கருத்து. அதனால் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் லினக்ஸுக்குக் கொண்டுவரப்பட்ட ஸெட்எஃப்எஸ் இன்றும் கர்னலுக்கு வெளியே தனி மாட்யூல்தான். உபுண்டு 2016-ல் துணிந்து சேர்த்துக் கொடுத்தது. லினக்ஸை உருவாக்கிய லினஸ் டோர்வால்ட்ஸ் 2020-ல் ஸெட்எஃப்எஸ் பயன்படுத்தாதீர்கள் என்றே சொன்னார். சன் வேண்டுமென்றேதான் சேராத லைசன்ஸைத் தேர்ந்தெடுத்ததா என்று அங்கே இருந்தவர்களே ஒருவருக்கொருவர் முரணாகச் சொல்லியிருக்கிறார்கள். என் கணிப்பு: லினக்ஸ் நம் நகைகளை எடுத்துப் போய்விடக் கூடாது என்ற எண்ணம் சிலருக்காவது இருந்திருக்கும். விளைவு என்ன? நகை எப்படியும் போய்விட்டது. ஓப்பன்ஸெட்எஃப்எஸ்ஸின் (ஸெட்எஃப்எஸ்ஸின் திறந்த கிளை) முக்கிய வேலை இன்று லினக்ஸிலும் ஃப்ரீபிஎஸ்டியிலும்தான் நடக்கிறது, 2020-ல் வந்த 2.0 பதிப்பில் அந்த இரண்டின் கோடும் ஒன்றானது. இல்லுமோஸ், பெற்ற வீடாக இருந்தும், அங்கிருந்து பேட்ச்களை எடுத்துக்கொள்ளும் நிலை.

ஆரக்கிள் பக்கம் 2011 நவம்பரில் சோலாரிஸ் 11, 2018-ல் 11.4. நடுவில் சோலாரிஸ் 12 என்ற திட்டம் காணாமல் போனது, 2017 செப்டம்பரில் சோலாரிஸ், ஸ்பார்க் பொறியாளர்களில் பெரும்பகுதியை வீட்டுக்கு அனுப்பினார்கள். 11.4-க்கான ஆதரவு 2030-களிலும் தொடரும் என்று சொல்லியிருக்கிறார்கள், திருத்தங்களும் ஒழுங்காக வருகின்றன. நகர்த்த முடியாத வங்கி மென்பொருளை வைத்திருப்பவருக்கு அது போதும்.

இல்லுமோஸ் பக்கம் பெயர்களைப் பிரித்துக்கொள்வது எளிது. ஓப்பன்இண்டியானா டெஸ்க்டாப்போடு வரும், பழைய ஓப்பன்சோலாரிஸின் நேரடி வாரிசு. ஓம்னிஓஎஸ் சர்வருக்கானது. அதை வளர்த்த நிறுவனம் 2017-ல் கைவிட்டபோது பயனர்களே எடுத்துக்கொண்டார்கள், இன்று வருடத்துக்கு இரண்டு வெளியீடு தவறாமல் வருகிறது. ஸ்மார்ட்ஓஎஸ் விசித்திரமானது: வழக்கமாக டிஸ்க்கில் நிறுவுவதில்லை, யூஎஸ்பியிலிருந்தோ நெட்வொர்க்கிலிருந்தோ மெம்மரிக்குள் ஏறி ஓடும், டிஸ்க் முழுக்க ஸோன்களுக்கும் விர்ச்சுவல் மெஷின்களுக்கும். ஜாயன்ட் 2011-ல், லினக்ஸின் விர்ச்சுவல் மெஷின் நுட்பமான கேவிஎம்மை இதற்குக் கொண்டுவந்தது. பிறகு சாம்சங் கைக்குப் போய், 2022-ல் எம்என்எக்ஸ் என்ற நிறுவனத்துக்கு வந்திருக்கிறது. சேமிப்பு மென்பொருள் விற்ற நெக்ஸென்டாவின் காலம் முடிந்துவிட்டது. டெல்ஃபிக்ஸ் லினக்ஸுக்கு மாறிவிட்டது, அது இல்லுமோஸுக்குப் பெரிய அடி. மறுபக்கம் கான்ட்ரில் 2019-ல் சேர்ந்து தொடங்கிய ஆக்ஸைடு நிறுவனம், முழு ரேக்காக விற்கும் தன் கணினிகளில் ஹீலியோஸ் என்ற இல்லுமோஸ் டிஸ்ட்ரிப்யூஷனைத்தான் ஓட்டுகிறது. 2023-ல் முதல் ரேக் வாடிக்கையாளருக்குப் போனது. 1992-ல் தொடங்கிய கர்னல், 2023-ல் புத்தம்புது வன்பொருளில்.

உங்கள் ஸ்பார்க் பெட்டிக்கு மட்டும் நல்ல செய்தி இல்லை. இல்லுமோஸ் 2021-ல் ஸ்பார்க் ஆதரவை விட்டுவிட முடிவெடுத்தது. சோதிக்கப் பெட்டிகளும் ஆட்களும் இல்லை என்பது நியாயமான காரணம்தான். ட்ரிப்லிக்ஸ் என்ற சிறிய டிஸ்ட்ரிப்யூஷன் தன் முயற்சியில் ஸ்பார்க் பதிப்பை ஓட்டிக்கொண்டிருக்கிறது. பொழுதுபோக்குக்குச் சரி, அலுவலக வேலைக்கு அந்தப் பெட்டியில் ஆரக்கிள் சோலாரிஸையே வைத்திருங்கள்.

பழக வேண்டுமென்றால் ஓம்னிஓஎஸ் போடுங்கள், ஒரு விர்ச்சுவல் மெஷினில். நான்கு ஜிபி ராம் தாராளம். நிறுவியதும் ஒரு ஸோன் உருவாக்குங்கள், ஒரு சர்வீஸை வேண்டுமென்றே கொன்றுவிட்டு எஸ்எம்எஃப் அதை எழுப்புகிறதா பாருங்கள், பிறகு டிடிரேஸில் உட்காருங்கள். வேலை ஆரக்கிள் சோலாரிஸில்தான் என்றால், தனிப்பட்ட பழக்கத்துக்கு 11.4-ன் சிபிஇ (காமன் பில்ட் என்விரான்மென்ட்) பதிப்பை ஆரக்கிள் 2022-லிருந்து இலவசமாகத் தருகிறது, அதையும் ஒருமுறை போட்டுப் பாருங்கள். இரண்டிலும் அடிப்படைக் கட்டளைகள் பெரும்பாலும் ஒன்றுதான், ஆனால் பேக்கேஜ் பெயர்களும் ஸெட்எஃப்எஸ்ஸின் புது வசதிகளும் வேறு. ஒன்றின் ஆவணத்தைப் பார்த்து இன்னொன்றில் பூலைத் தொடாதீர்கள்.